ஈர்ப்பு விதியில் பிழையா, கண்ணுக்குத் தெரியாத மோட்டாரா?

கடைமடையான் | வேதாரண்யம் பக்கம் | திங்கள் இரவு 9.12

ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு பார்வர்டு வந்தது. ஒன்றில் 'ஐன்ஸ்டைன் மறுபடியும் ஜெயித்தார்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். இன்னொன்றில் 'ஐன்ஸ்டைனுக்கு ஆபத்து' என்கிறான். உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டும் ஒரே கருவியைப் பற்றித்தான், அரிசோனாவில் மலை மேல் ஒரு தொலைநோக்கியில் இருக்கும் டெசி. இரண்டையும் அனுப்பியது என் மச்சான், அவனுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை.

எனக்கு இருக்கிற சந்தேகம் வேறு. பிரபஞ்சத்தில் நமக்குத் தெரிந்த பொருள் நூற்றுக்கு ஐந்துதானாம். 27 பங்கு கரும்பொருள், 68 பங்கு கரும் ஆற்றல், இரண்டும் என்னவென்று யாருக்கும் தெரியாதாம். நூறு மூட்டை நெல்லில் தொண்ணூற்றைந்து மூட்டை கண்ணுக்குத் தெரியாது என்று எழுதிக்கொண்டு வந்தால் எந்தக் கொள்முதல் நிலையத்தில் ஒப்புக்கொள்வார்கள்? தராசு கோணலாக இருக்கிறதோ என்றுதானே முதலில் பார்ப்பார்கள்.

எங்கள் ஊர் கடைமடை. ஜூன் 12 மேட்டூர் திறந்தாலும் எங்களுக்குத் தண்ணீர் வருவது மனசு வைத்தால்தான். தலைப்பில் இத்தனை கன அடி விட்டோம், வழியில் இத்தனை பாசனத்துக்குப் போனது, மிச்சம் இவ்வளவு வர வேண்டும் என்று கணக்கு வைத்திருப்பார்கள், அந்த மிச்சம் வந்து நான் பார்த்ததில்லை. கேட்டால் 'வழியில் எவனோ மோட்டார் போட்டு இழுக்கிறான்' என்பார்கள். என் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். 'மோட்டாரும் இல்லை ஒன்றும் இல்லை, தூர்வாரின வாய்க்காலுக்குப் போட்ட கணக்கை வெங்காயத்தாமரை மண்டின வாய்க்காலுக்குப் போட்டால் எப்படிடா சரியாக வரும்' என்பார்.

இந்தக் கரும்பொருள் கதையும் அப்படித்தானா? எவனோ இழுக்கிறானா, இல்லை சூத்திரமே தப்பா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வெண்ணாறு | திருவாரூர் | திங்கள் இரவு 10.05

அண்ணே, நான் இந்தத் துறையில் ஆராய்ச்சி மாணவி, அதனால் நீளமாகத்தான் எழுதுவேன், கோபிக்காதீர்கள்.

உங்கள் கேள்விக்கு இரண்டு பதிலும் சரித்திரத்தில் நடந்திருக்கிறது. யுரேனஸ் கிரகம் நியூட்டன் கணக்குப்படி ஓடவில்லை என்று தெரிந்தபோது, லெவெரியே என்ற பிரெஞ்சுக்காரர், வெளியே இன்னொரு கிரகம் நின்று இழுக்கிறது என்று கணக்குப் போட்டு இடத்தையும் சொன்னார். 1846-ல் பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பினார்கள், அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் நெப்டியூன் இருந்தது. மோட்டார் அகப்பட்டுவிட்டது!

அதே லெவெரியே அப்புறம் புதனைப் பார்த்தார். அதன் பாதை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது, அந்தத் திருப்பத்தில் நூறு ஆண்டுக்கு 43 விகலை அளவு கணக்கில் வராமல் மிஞ்சுகிறது. ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்குதான் விகலை, அவ்வளவு சின்ன மிச்சம். போன தடவை பலித்த வைத்தியத்தையே அவர் திரும்பச் செய்தார், சூரியனுக்கு அருகில் வல்கன் என்று ஒரு கிரகம் இருக்க வேண்டும் என்றார். ஐம்பது வருஷம் தேடினார்கள். கிடைக்கவில்லை, ஏனென்றால் அது இல்லை. 1915-ல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விதியையே மாற்றினார், 43 விகலை தானாக வந்து உட்கார்ந்தது. இங்கே உங்கள் அப்பா சொன்னதுதான் சரி.

ஆக ஒரே மனிதர், ஒரே மாதிரி சிக்கல், ஒன்றில் மோட்டார், ஒன்றில் சூத்திரம். முன்கூட்டியே எதையும் தள்ள முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும்.


டிகிரி காபி | கும்பகோணம் | திங்கள் இரவு 10.41

கடைமடையான் அண்ணனுக்கு என் ஓட்டு. சூத்திரம்தான் தப்பு.

1970-ல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா என்ற விண்மீன் மண்டலத்தை அளந்தார்கள். மையத்திலிருந்து வெளியே போகப் போக விண்மீன்களின் வேகம் குறைய வேண்டும், குறையவில்லை. அதற்கு ஒரு கூட்டம் 'கண்ணுக்குத் தெரியாத பொருள் சுற்றி இருக்கிறது' என்றது. மில்க்ரோம் என்ற இயற்பியலாளர் 1983-ல் வேறு வழி சொன்னார்: முடுக்கம் ரொம்பக் குறைந்துபோனால் ஈர்ப்பு நியூட்டன் சொன்னபடி நடக்காது, அவ்வளவுதான். எவ்வளவு குறைந்தால் என்றால், பூமியில் நாம் உணரும் ஈர்ப்பில் எட்டாயிரம் கோடியில் ஒரு பங்கு. அந்த ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான மண்டலங்களின் சுழற்சி வேகத்தைச் சொல்லிவிடலாம். கரும்பொருள்காரர்கள் ஒவ்வொரு மண்டலத்துக்கும் தனித்தனியாக, இங்கே இவ்வளவு அங்கே இவ்வளவு என்று துணி தைக்கிற மாதிரி அளவெடுத்துப் பொருத்த வேண்டியிருக்கிறது.

அந்தக் கரும்பொருளையாவது யாராவது பிடித்தார்களா? தெற்கு டகோட்டாவில் பழைய சுரங்கத்தில் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் டன் கணக்கில் திரவ செனானை வைத்துக்கொண்டு, கரும்பொருள் துகள் வந்து மோதுமா என்று காத்திருக்கிறார்கள். ஒன்றும் மாட்டவில்லை. வல்கன் மாதிரியே இல்லையா?


வெண்ணாறு | திருவாரூர் | திங்கள் இரவு 11.30

டிகிரி காபி சொன்னதில் பாதிக்கு நான் கையெழுத்துப் போடுவேன். தனித்தனி மண்டலங்களுக்குள் மில்க்ரோம் சூத்திரம் அசரடிக்கிற மாதிரி வேலை செய்கிறது, அது ஏன் என்று எங்கள் பக்கமும் நன்றாக விளக்கியாக வேண்டும். மறைக்க என்ன இருக்கிறது.

ஆனால் மண்டலத்தைத் தாண்டி வெளியே வாருங்கள். பல மண்டலங்கள் சேர்ந்த கொத்துகளில் அந்தச் சூத்திரத்தைப் போட்ட பிறகும் பொருள் பற்றாக்குறை மிஞ்சுகிறது. புல்லட் கொத்து என்று ஒன்று, 2006-ல் வந்த முடிவு: இரண்டு கொத்துகள் மோதிக் கடந்து போயிருக்கின்றன. சாதாரணப் பொருளில் பெரும்பங்கு சூடான வாயு, அது மோதி நடுவில் தேங்கிவிட்டது. ஒளியை வளைக்கிற ஈர்ப்போ வாயு இருக்கும் இடத்தில் இல்லை, இரண்டு பக்கமும் விலகிப் போய் நிற்கிறது. சூத்திரத்தை மட்டும் மாற்றி இதைச் சொல்வது கஷ்டம்.

அதைவிடப் பெரிய பரீட்சை நுண்ணலைப் பின்னணி, பிரபஞ்சத்துக்கு 3,80,000 வயதாக இருந்தபோது கிளம்பிய வெளிச்சம். அதில் ஒலி அலை மாதிரி ஏற்ற இறக்கங்கள் இருக்கின்றன. மூன்றாவது சிகரம் இவ்வளவு உயரம் நிற்க வேண்டுமானால், ஒளியோடு ஒட்டாமல் ஈர்ப்பை மட்டும் தருகிற ஏதோ ஒன்று அப்போதே இருந்தாக வேண்டும். 2021-ல் ஸ்கோர்டிஸ், ஸ்லோஸ்னிக் என்று இருவர் மில்க்ரோம் எண்ணத்தை ஐன்ஸ்டைன் வடிவத்துக்குக் கொண்டுவந்து அந்தச் சிகரங்களையும் பொருத்திக் காட்டினார்கள். எப்படிப் பொருத்தினார்கள் என்று பார்த்தால், புதிதாகப் புலங்களைச் சேர்த்து. அந்தப் புலம் ஆதி காலத்தில் கரும்பொருள் மாதிரியே நடந்துகொள்கிறது. அதாவது மோட்டார் இல்லை என்று சொல்லிவிட்டு, மோட்டார் மாதிரி இழுக்கிற ஒன்றை வாய்க்காலுக்கு அடியில் புதைத்தாயிற்று. நான் குறை சொல்லவில்லை, நல்ல வேலைதான் அது, ஆனால் 'பொருளா, விதியா' என்ற கோடு நாம் நினைக்கிற அளவு நேராக இல்லை.

இன்னொன்று. அண்ணன் பார்வர்டில் வந்த சண்டை பெரும்பாலும் கரும்பொருளைப் பற்றியதே இல்லை, கரும் ஆற்றலைப் பற்றியது. 1998-ல் மீவிண்மீன் (சூப்பர்நோவா) வெடிப்புகளை வைத்து, பிரபஞ்சம் விரிகிற வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று கண்டார்கள், 2011-ல் அதற்கு நோபல். அந்த முடுக்கத்துக்குக் காரணம் கரும் ஆற்றலா, இல்லை கோடிக்கணக்கான ஒளியாண்டு தூரத்தில் ஈர்ப்பே வேறு மாதிரி நடக்கிறதா? 'மாற்று ஈர்ப்பு' என்று இன்று பெரும்பாலும் பேசுவது இதைத்தான்.


பழைய ஓவர்சியர் | நீடாமங்கலம் | செவ்வாய் காலை 5.50

நான் பாசனத்தில் முப்பத்து நான்கு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். வானவியல் தெரியாது. ஆனால் கடைமடைத் தம்பி சொன்ன கணக்கு போடுகிற வேலையைத்தான் வாழ்நாள் முழுக்கச் செய்தேன், அதனால் எனக்கும் கொஞ்சம் ரோஷம் வந்தது.

ஒரே மதகில் நின்றுகொண்டு தண்ணீர் குறைந்தால், திருட்டா சூத்திரத் தப்பா என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எங்கள் ஊர் மூணாறு தலைப்பில் வெண்ணாறு வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. அங்கே உள்ளே வருகிற கன அடி ஒன்று, வெளியே போகிற மூன்று. உயரத்தைக் கேஜில் பார்ப்போம், அதிலிருந்து சூத்திரம் வைத்து ஓட்டம் வரும். அதை நம்பாமல் தனியாக, மிதவை விட்டோ மீட்டர் இறக்கியோ, வேகத்தை அளப்போம். இரண்டு வழியில் எடுத்த கணக்கும் ஒத்துப்போனால் சூத்திரம் சரி, குறைச்சல் வேறு எங்கேயோ. எல்லா மதகிலும் ஒரே விகிதத்தில் வித்தியாசம் வந்தால் சூத்திரத்தின் மேல்தான் கை வைக்க வேண்டும்.

அம்மா, உங்கள் பிரபஞ்சத்துக்கு இரண்டாவது கேஜ் உண்டா?


வெண்ணாறு | திருவாரூர் | செவ்வாய் காலை 9.20

சார், நான் மூன்று வருஷமாகப் படித்ததை நீங்கள் காபி குடிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டீர்கள். இந்தத் துறையின் மொத்த உத்தியும் இதுதான்.

முதல் கேஜ், பிரபஞ்சம் எப்படி விரிந்து வந்தது என்ற வரலாறு. மீவிண்மீன்களின் பிரகாசம், மண்டலங்கள் பரவிக் கிடக்கும் விதத்தில் பதிந்திருக்கும் ஒரு பழைய அளவுகோல் நீளம், இவற்றிலிருந்து இது கிடைக்கும். இதை மட்டும் வைத்துக்கொண்டு கரும் ஆற்றலா மாற்று ஈர்ப்பா என்று பிரிக்கவே முடியாது. எந்த விரிவு வரலாற்றைக் காட்டினாலும் அதற்கு ஏற்ற மாதிரி ஒரு கரும் ஆற்றலையும் தைத்துவிடலாம், ஒரு மாற்று விதியையும் தைத்துவிடலாம். நீங்கள் சொன்ன ஒற்றை மதகு.

இரண்டாவது கேஜ், பொருள் எவ்வளவு வேகமாகக் கட்டி தட்டுகிறது என்பது. தொடக்கத்தில் கிட்டத்தட்ட சமமாகப் பரவியிருந்த பொருள் ஈர்ப்பினால் சேர்ந்து சேர்ந்து இன்றைய கொத்துகளாகவும் இழைகளாகவும் ஆனது. விரிவு அதைப் பிரிக்கப் பார்க்கிறது, ஈர்ப்பு சேர்க்கப் பார்க்கிறது. ஐன்ஸ்டைனின் ஈர்ப்பு விதியான பொதுச் சார்பியல் சரி என்றால், விரிவு வரலாறு தெரிந்தவுடன் வளர்ச்சி வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம்: அந்தக் காலத்தில் பொருளின் பங்கு எவ்வளவோ, அதன் 0.55-ஆவது அடுக்கு. இந்த 0.55-ஐ யாரும் கையால் திணிக்கவில்லை, கோட்பாட்டிலிருந்து வருகிறது. அளந்து பார்த்து வேறு எண் வந்தால் விதியில் ஏதோ கோளாறு.

எப்படி அளப்பது என்றால், மண்டலங்களின் தூரத்தை நாம் நிறமாலையின் சிவப்புப் பெயர்ச்சியிலிருந்து, அதாவது விலகிப் போகிற வேகத்தால் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவிலிருந்து எடுக்கிறோம், அதில் விரிவின் வேகத்தோடு அந்த மண்டலத்தின் சொந்த ஓட்டமும் கலந்திருக்கும். பெரிய கொத்தை நோக்கி விழுகிற மண்டலங்கள் வரைபடத்தில் பார்வைத் திசையில் நசுங்கித் தெரியும். திருவாரூரில் தேர் நிலைக்கு வருகிற நேரம் கோபுரத்து மேலிருந்து பார்த்தால், ஜனம் எந்த வேகத்தில் எங்கே நெருங்குகிறது என்பதை வைத்தே தேர் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம் அல்லவா, அந்த மாதிரி. 1987-ல் கைசர் இந்த நசுங்கலை வைத்து வளர்ச்சி வேகத்தைப் படிக்கலாம் என்று காட்டினார்.

மூன்றாவதாக இன்னொரு கேஜும் உண்டு, எனக்கு இதுதான் பிடித்தது. ஈர்ப்பு காலத்தையும் வளைக்கும், வெளியையும் வளைக்கும். மெதுவாகப் போகிற மண்டலத்துக்குக் கால வளைவு மட்டும்தான் உறைக்கும். ஒளிக்கு இரண்டும் சேர்ந்து உறைக்கும். 1919 கிரகணத்தில் சூரியனை ஒட்டி வந்த ஒளி நியூட்டன் வழிக் கணக்கைப் போல இரண்டு மடங்கு, 1.75 விகலை வளைய வேண்டும் என்று பார்த்தது இதனால்தான். பொதுச் சார்பியலில் இரண்டு வளைவும் சமம், மாற்று ஈர்ப்புக் கோட்பாடுகள் பலவற்றில் சமமில்லை. ஆகவே ஒரே மண்டலங்களின் ஓட்டத்தையும், அவை பின்னால் இருக்கும் ஒளியை எவ்வளவு வளைக்கின்றன என்பதையும் ஒப்பிட்டால் போதும். 2010-ல் ரெய்ஸ் குழு இந்த ஒப்பீட்டு எண்ணை அளந்தது, 0.39 வந்தது, பிழை 0.06. சார்பியல் எதிர்பார்த்தது 0.4 சுமார். 2018-ல் ஒற்றை மண்டலம் ஒன்றைச் சுற்றி விழுந்த ஒளி வளையத்தை வைத்து இரண்டு வளைவின் விகிதத்தை அளந்தார்கள், 1 வர வேண்டிய இடத்தில் 0.97, பிழை 0.09.


மோட்டார் ரூம் | பாபநாசம் | செவ்வாய் காலை 10.02

அரை மணி நேரம் படித்தேன், டீ ஆறிப்போச்சு. ஆனா அந்த நசுங்கித் தெரியறது புரிஞ்சிடுச்சு.


டிகிரி காபி | கும்பகோணம் | செவ்வாய் பகல் 1.15

சரி, ஒத்துக்கொள்கிறேன், கேஜ் இருக்கிறது. ஆனால் 0.4-ல் 0.06 பிழை என்றால் நூற்றுக்குப் பதினைந்து. இந்த இடைவெளியில் எத்தனை மாற்றுக் கோட்பாடுகள் வசதியாகக் குடித்தனம் நடத்தலாம்! 2002-ல் காசினி விண்கலம் சனிக்குப் போகிற வழியில் ரேடியோ அலையைச் சூரியனுக்குப் பக்கமாக அனுப்பி இதே விகிதத்தைச் சோதித்தது. அது லட்சத்தில் இரண்டு பங்கு அளவுக்குத் துல்லியம். அதையும் இதையும் ஒரே தட்டில் வைத்து 'ஐன்ஸ்டைன் ஜெயித்தார்' என்பது நியாயமா?


வெண்ணாறு | திருவாரூர் | செவ்வாய் இரவு 8.50

நியாயமில்லை. இதை எங்கள் ஆட்களே பல பேர் பேட்டியில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். சூரியக் குடும்பத்தில் லட்சத்தில் இரண்டு, பிரபஞ்ச அளவில் நூற்றுக்குப் பத்து, இருபது. நடுவில் இவ்வளவு பெரிய பள்ளம்.

ஆனால் எல்லா முடிவும் இப்படித் தளர்வு இல்லை. 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலை வந்தது. அது வந்து 1.7 நொடி கழித்து அதே திசையிலிருந்து காமாக் கதிர் வந்தது. கிளம்பிய இடம் 13 கோடி ஒளியாண்டு தள்ளி. 13 கோடி வருஷம் ஓடி வந்த இரண்டு பேர் 1.7 நொடி இடைவெளியில் வாசலில் நிற்கிறார்கள், அந்த 1.7 நொடியிலும் ஒரு பங்கு, ஒருவர் தாமதமாகக் கிளம்பியதாகவே இருக்கலாம். கணக்குப் போட்டால் ஈர்ப்பலையின் வேகமும் ஒளியின் வேகமும் 1-க்குப் பின் 15 சுழியம் போட்ட எண்ணில் சில பங்குக்குள் சமம். முடுக்கத்தை விளக்கவென்று கட்டிய மாற்றுக் கோட்பாடுகளில் ஒரு பெரும் வகை, ஈர்ப்பலை வேகம் ஒளியிலிருந்து மாறும் என்று சொன்னது. அவை ஒரே மாலையில் போயின. அதில் ஐந்தாறு வருஷம் உழைத்த ஒருவரை ஒரு மாநாட்டில் பார்த்தேன், சிரித்துக்கொண்டே 'குறுவை போச்சு, சம்பா பார்க்கலாம்' என்ற தோரணையில் பேசினார் (அவருக்குத் தமிழ் தெரியாது, இது என் மொழிபெயர்ப்பு).

எல்லாம் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'எஃப் ஆர்' என்று ஒரு வகை, ஈர்ப்பின் அடிப்படைச் சமன்பாட்டில் வளைவு நேராக வருகிற இடத்தில் வளைவின் ஏதோ ஒரு சார்பைப் போடுவது. அதில் ஈர்ப்பலை ஒளி வேகத்தில்தான் போகும், அதனால் தப்பித்தது.


கடைமடையான் | வேதாரண்யம் பக்கம் | செவ்வாய் இரவு 9.30

தங்கச்சி, ஒரு இடத்தில் இடிக்கிறது. அந்த எஃப் ஆர் விதிப்படி ஈர்ப்பு வேறு மாதிரி என்றால், பக்கத்தில் இருக்கிற சூரியக் குடும்பத்திலேயே தெரிந்திருக்க வேண்டாமா? லட்சத்தில் இரண்டு துல்லியத்தில் பார்த்தும் தெரியவில்லை என்கிறீர்களே. இங்கே ஒரு விதி, அங்கே ஒரு விதியா?


வெண்ணாறு | திருவாரூர் | செவ்வாய் இரவு 10.10

அண்ணே, விதி ஒன்றுதான், ஆனால் இடத்தைப் பார்த்து ஒளிந்துகொள்ளும். முறைப்பாசனம் தெரியும்தானே? ஆற்றில் தண்ணீர் நிறையப் போகும்போது முறை என்ற பேச்சே கிடையாது, ஷட்டர் எல்லாம் திறந்திருக்கும், ஒருவர் கேஜை மட்டும் பார்த்தால் அப்படி ஒரு ஏற்பாடு இருப்பதே தெரியாது. தண்ணீர் குறைந்தால்தான் 'ஆறு நாள் உனக்கு, ஆறு நாள் எனக்கு' என்பது வெளியே வரும். எஃப் ஆர் வகையிலும் கூடுதலாக ஒரு விசை உண்டு, நியூட்டன் விசையில் அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்கு. பொருள் அடர்த்தியாக இருக்கும் இடத்தில், நம் மண்டலத்துக்குள்ளே, சூரியனுக்குப் பக்கத்தில், அந்த விசை எட்டும் தூரம் சுருங்கிப்போய் ஒளிந்துவிடும். பொருள் குறைந்த பெருவெளியில்தான் தலைகாட்டும். இதற்குப் பச்சோந்தி என்றே பெயர், கௌரியும் வெல்ட்மனும் 2004-ல் வைத்தது. வைன்ஷ்டைன் என்பவர் 1972-லேயே வேறு வகை ஒளிப்பைக் கண்டிருக்கிறார், அது அடர்த்தியைப் பார்க்காமல் தூரத்தையும் நிறையையும் பார்த்து ஒளிகிற வகை.

இதனால்தான் காசினியின் துல்லியத்தை வைத்து மட்டும் கதையை முடிக்க முடிவதில்லை. பெருவெளியில் போய்ப் பார்த்தாக வேண்டும். பரிசோதனைச் சாலையிலேயே ஒரு பெருவெளியைச் செய்து பார்க்கலாமே என்று 2015-ல் பெர்க்லியில் வெற்றிடக் கூண்டுக்குள் சின்ன உலோக உருண்டையை வைத்து, பக்கத்தில் ஒற்றை அணுக்களை விட்டுப் பார்த்தார்கள். பச்சோந்தி வாழக்கூடிய இடத்தில் பெரும்பகுதி அதில் அடிபட்டது.


பழைய ஓவர்சியர் | நீடாமங்கலம் | புதன் காலை 6.05

ஒளிகிறதும் ஒளியாததும் இருக்கட்டும் அம்மா. களத்தில் ஒரே நேரத்தில் இரண்டு கோளாறு இருந்தால் என்ன செய்வீர்கள்? ஒரு தடவை ஒரு வாய்க்காலில் வண்டலும் படிந்திருந்தது, மேலே ஒரு உடைப்பிலிருந்து தண்ணீரும் உபரியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. ஒன்று குறைத்தது, இன்னொன்று கூட்டியது, கேஜ் அச்சு அசலாகச் சரியாக நின்றது. மூன்று மாதம் நாங்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று எழுதி அனுப்பினோம்.


வெண்ணாறு | திருவாரூர் | புதன் காலை 8.45

சார், இதே சிக்கல் எங்களுக்கு நியூட்ரினோ என்ற நுண்துகளில் இருக்கிறது. நியூட்ரினோவுக்குக் கொஞ்சம் நிறை உண்டு, எவ்வளவு என்று சரியாகத் தெரியாது. அது வேகமாக ஓடுவதால் கட்டி தட்டுவதைக் குறைக்கும். எஃப் ஆர் விசை கூட்டும். இரண்டும் சேர்ந்து ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டால், ஐன்ஸ்டைன் சரி, நியூட்ரினோ லேசானது என்று நாம் எழுதி அனுப்பிக்கொண்டிருப்போம். இதைப் பிரிக்க வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நீள அளவில் அளக்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் ஈடு கட்ட முடியாது. உங்கள் ஊரில் அடுத்த மதகில் போய்ப் பார்ப்பது மாதிரி.

இனி அண்ணனின் இரண்டு பார்வர்டுக்கு வருகிறேன், மூன்று நாளாகக் கடன்.

டெசி என்பது கிட் பீக் மலையில் நான்கு மீட்டர் தொலைநோக்கியில் பொருத்திய கருவி. 5,000 இழைகள், ஒவ்வொன்றையும் ஒரு சின்ன இயந்திரக் கை ஒரு மண்டலத்தை நோக்கித் திருப்பும். 2024 நவம்பரில் அவர்கள் வெளியிட்டது இரண்டாவது கேஜ்: ஏறத்தாழ 60 லட்சம் மண்டலங்களையும் குவாசர்களையும் (தூரத்து மண்டலங்களின் பளிச்சென்ற மையங்கள்) வைத்து, 1,100 கோடி வருஷ நீளத்துக்குக் கட்டி தட்டிய வேகத்தை அளந்தார்கள். பொதுச் சார்பியல் சொன்னதோடு ஒத்துப்போனது. 'ஐன்ஸ்டைன் ஜெயித்தார்' என்ற பார்வர்டு இது. 2025 மார்ச்சில் வந்தது முதல் கேஜ்: ஒன்றரைக் கோடிக்குப் பக்கமான மண்டலங்களை வைத்து விரிவு வரலாறு. அதில் கரும் ஆற்றல் மாறாத எண்ணாக இல்லாமல், காலத்தோடு வலுக் குறைகிற மாதிரி ஒரு சாடை தெரிகிறது. எந்த மீவிண்மீன் தொகுப்போடு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து 2.8 முதல் 4.2 சிக்மா வரை (தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதன் அளவு சிக்மா). எங்கள் துறையில் 5 சிக்மா வந்தால்தான் 'கண்டுபிடித்தோம்' என்று வாய் திறப்போம். 'ஐன்ஸ்டைனுக்கு ஆபத்து' என்ற பார்வர்டு இதுதான். ஆனால் கரும் ஆற்றல் மாறுகிறது என்றால் ஐன்ஸ்டைன் சமன்பாட்டுக்குள் போடுகிற பொருள் மாறுகிறது, சமன்பாடு மாறியாக வேண்டும் என்பதில்லை. ஆக இரண்டு செய்தியும் ஒன்றோடு ஒன்று சண்டையே போடவில்லை. வெவ்வேறு மதகின் கணக்கு.

ஒரு பழைய கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷம் முன்பு, ஒளி வளைவை வைத்து அளந்தால் இன்றைய பொருள் நுண்ணலைப் பின்னணி எதிர்பார்க்கிற அளவு கட்டி தட்டவில்லை என்று பெரிய பேச்சாக இருந்தது. கட்டி தட்டிய அளவைச் சொல்லும் எண் கிட்ஸ் என்ற ஆய்வில் 0.77-க்குப் பக்கம் வந்தது, நுண்ணலைப் பின்னணியை அளந்த பிளாங்க் விண்கலம் எதிர்பார்த்தது 0.83. மாற்று ஈர்ப்புதான் என்று எத்தனை கட்டுரை! 2025-ல் அதே கிட்ஸ் முழுத் தரவோடும், திருத்திய தூர அளவோடும் பார்த்தபோது 0.815 வந்தது. பெரும்பகுதி இடைவெளி மூடிக்கொண்டது. விதியும் தப்பில்லை, மோட்டாரும் இல்லை, கேஜைப் படித்ததில்தான் கொஞ்சம் பிசகு.


டிகிரி காபி | கும்பகோணம் | புதன் இரவு 7.20

நல்ல விளக்கம், ஆனாலும் விட மாட்டேன். 'ஒத்துப்போனது' என்று ஒரு வார்த்தையில் கடந்துவிட்டீர்கள். பொருளின் மேல் ஈர்ப்பு எவ்வளவு கூடுதல் என்று ஒரு எண், ஒளியின் மேல் எவ்வளவு கூடுதல் என்று இன்னொரு எண், சார்பியல் சரி என்றால் இரண்டும் பூஜ்யம். நுண்ணலைப் பின்னணி, ஒளி வளைவு, மீவிண்மீன் எல்லாவற்றையும் சேர்த்த பிறகும் டெசி கட்டுரையில் முதல் எண்ணின் பிழை 0.2-க்கு மேல். நூற்றுக்கு இருபது கூடக் குறைய இருந்தாலும் ஆட்சேபணை இல்லை என்று அர்த்தம். அப்புறம் அந்தக் கூடுதல் காலத்தோடு எப்படி வளர்கிறது என்பதை அளக்கவில்லை, கரும் ஆற்றலின் பங்கு வளர்கிற மாதிரியே இதுவும் வளரும் என்று முதலிலேயே வைத்துக்கொண்டார்கள். நிஜத்தில் நடுவில் தலைகாட்டி அப்புறம் மறைகிற விதியாக இருந்தால்? பத்து மணிக்கும் நாலு மணிக்கும் மட்டும் கேஜ் பார்க்கிற லஸ்கர், மத்தியானம் ஓடின மோட்டாரைப் பிடித்துவிடுவாரா?


வெண்ணாறு | திருவாரூர் | புதன் இரவு 9.00

பிடிக்க மாட்டார். இது சரியான அடி, வாங்கிக்கொள்கிறேன்.

ஒளியின் பக்கம் பிழை 0.05 அளவுக்கு வந்துவிட்டது, அது பரவாயில்லை. பொருளின் பக்கம்தான் நீங்கள் சொன்ன இருபது. காலத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் தனித்தனி எண் வைத்தும் பார்க்கிறார்கள். அப்படிச் செய்தால் பிழை இன்னும் பெருகும், அதனால் தலைப்புச் செய்தியாக வராது. 2023 ஜூலை 1 அன்று ஏவிய யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கி, ஒளி வளைவையும் மண்டல ஓட்டத்தையும் ஒரே கலத்தில் அளக்கிறது, சிலியில் ரூபின் ஆய்வகம் 2025-ல் கண் திறந்திருக்கிறது. அதற்குள் நான் ஆய்வேட்டை முடித்தால் சந்தோஷம்.

என்னைக் கேட்டால், 'ஐன்ஸ்டைன் ஜெயித்தார்' என்று சொல்ல மாட்டேன், 'இந்த மதகில், இந்த இருபது சதவீதத்துக்குள், தப்பு அகப்படவில்லை' என்று சொல்வேன். அதைப் பார்வர்டு செய்தால் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள் என்பது தெரியும்.


மோட்டார் ரூம் | பாபநாசம் | புதன் இரவு 9.14

நான் பார்ப்பேன் அக்கா.


பழைய ஓவர்சியர் | நீடாமங்கலம் | வியாழன் காலை 5.40

கும்பகோணத்துத் தம்பி லஸ்கரைச் சொன்னது கொஞ்சம் சுட்டது, ஆனால் பொய்யில்லை. ராத்திரிக் கேஜ் பார்க்காமல் காலையில் குத்துமதிப்பாக எழுதின புத்தகங்கள் நான் பார்த்திருக்கிறேன்.

யாருக்காவது ஆர்வம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை மூணாறு தலைப்புக்கு வாருங்கள். கேஜ் எப்படிப் படிப்பது என்று காட்டுகிறேன். ஷட்டர் மேல் ஏறிப் படம் பிடிக்கக் கூடாது.


கடைமடையான் | வேதாரண்யம் பக்கம் | வியாழன் காலை 7.25

வருகிறேன் சார். மச்சானையும் இழுத்துக்கொண்டு வருகிறேன், மன்னார்குடி பஸ் பிடித்தால் ஒன்பதுக்குள் வந்துவிடலாம். ஒன்று மட்டும் இப்போதே சொல்லுங்கள். அங்கே உள்ளே வருகிற தண்ணீரும் மூன்று ஆற்றில் போகிற தண்ணீரும் கூட்டினால் சரியாக வருமா?


பழைய ஓவர்சியர் | நீடாமங்கலம் | வியாழன் காலை 7.31

வராது. ஏன் என்று அங்கே வைத்துச் சொல்கிறேன்.